மடிப்பில்லாத இமை

“கண்ணையே முழுசாத் தொறக்கத் தெரியல, நீ போயி படிச்சு ஆபீசுல குந்தப் போறியாக்கும்?”

என் அப்பாவின் தங்கை இப்படிக் கேட்டபோது நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். பெரம்பலூர் பக்கத்தில் எங்கள் ஊர். பத்தாவதுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். அத்தை அதைக் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான சந்தேகமாகத்தான் கேட்டார். அடுத்த வருடம் பள்ளியில் முதலாவதாக வந்தேன். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு, அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலது இமையில், எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல, ஒரு மடிப்பு இருக்கிறது. கண்ணைத் திறந்தால் தோல் அந்தக் கோட்டில் மடிந்து உள்ளே போய்விடும். இடது இமையில் அந்தக் கோடு இல்லை. இமை புருவத்தின் அடியிலிருந்து நேராக இறங்கி, கருவிழியின் மேல்பகுதியை மூடிக்கொண்டு நிற்கும். வலி கிடையாது. பார்வை இருக்கிறது. படிக்கும்போது மட்டும் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிக்கொள்வேன். சாயங்காலம் ஆனால் நெற்றி கனக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் கனக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் என்னைத் தூங்குமூஞ்சி என்பார்கள். கல்லூரியில் திமிர் பிடித்தவள் என்றார்கள், எப்போதும் முகவாயைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்பதால். முதல் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டாவது பெயர் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சவூதியில், தம்மாமில் பன்னிரண்டு வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நான் பி.காம். முடித்தேன். எனக்குப் படிப்பு வந்தது, அதனால் படிக்க வைத்தார்கள். இருபத்தேழு வயதுவரை இது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது.

ஷார்ஜாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ரோலா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் நான்கு பெண்கள் ஓர் அறை. வேலை துபாயில், சரக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில். கப்பலில் போகும் சாமான்களுக்கான காகிதங்களைத் தயாரிப்பது என் டியூட்டி. எண்கள், எடை, பெட்டி விவரம். ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. வந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்து நின்றார்.

“என்ன பிள்ளை, ராத்திரி நித்திரை கொள்ளேல்லையோ?”

“நல்லாத் தூங்கினேன் மேடம்.”

“அப்ப ஏன் கண் இப்பிடிச் செருகுது? போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ.”

போய்க் குடித்துவிட்டு வந்தேன். மறுநாளும் கேட்டார். ஒரு மாதம் கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ‘என் கண் இப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. யாரிடமும் என் கண்ணைப் பற்றி நானாகச் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் ஒரு பெட்டியின் எண் தவறாகப் போய்விட்டது. தட்டச்சு செய்தது வேறொருவர். காகிதத்தின் அடியில் அவருடைய முதலெழுத்து இருந்தது. ஆனால் மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்ததும் நேராக என்னைத்தான் பார்த்தார். “அரைத் தூக்கத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும்,” என்று எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு முதலெழுத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அன்று மதியம் பக்கத்து மேசைத் தோழி தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் விசைப்பலகைமேல் வைத்தாள். அவள் பிலிப்பைன்ஸ்காரி. எங்களுக்குள் பேச்சு ஆபீஸ் ஆங்கிலம்தான். பெட்டிக்குள் பிறைவடிவில் வெட்டிய மெல்லிய டேப் துண்டுகள், நகத்தைவிடச் சிறியவை. இமையில் ஒட்டினால் மடிப்பு விழும் என்றாள். அவள் ஊரில் மடிப்பில்லாத இமை சாதாரணம், பாதிப் பெண்களின் பையில் இது இருக்கும் என்றாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். தலைவலி மாத்திரை கொடுப்பதுபோலக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

முகம் கழுவி, ஈரம் துடைத்து, இமை முடிக்குச் சற்று மேலே டேப்பை வைத்து, கூடவே இருக்கும் பிளாஸ்டிக் கவையால் அழுத்திப் பிடித்து, மெல்லக் கண்ணைத் திறக்க வேண்டும். முதல் நாள் பதினோரு துண்டுகள் வீணாயின. பன்னிரண்டாவதில் கோடு விழுந்தது. கண்ணாடியில் இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. சந்தோஷமெல்லாம் வரவில்லை. சரியாகத் தைத்த சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

“இண்டைக்கு நல்லா நித்திரை கொண்டிருக்கிறியள் போல,” என்றார் மேலதிகாரி.

“ஆமா மேடம்.”

உண்மையில் அன்று டேப் ஒட்டிப் பழகுவதற்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்திருந்தேன்.

இரண்டு வருடம் ஒட்டினேன். அடையாள அட்டை புதுப்பிக்கப் படம் எடுத்தபோதும் டேப் இருந்தது. ஆபீஸில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வந்தபோது அதில் பதிவானதும் டேப் ஒட்டிய முகம்தான். ஊருக்கு வீடியோ கால் பேசும்போது மட்டும் கழற்றிவிடுவேன். ஏன் என்று யோசித்ததில்லை.

போன ஆகஸ்ட் மாதம் ரோலா பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வியர்வையில் டேப்பின் ஒரு முனை பெயர்ந்து இமையில் தொங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லி எடுத்துவிட வந்தார். நானே எடுத்தேன். தோலும் சேர்ந்து உரிந்தது. இரண்டு நாளில் இமை சிவந்து தடித்தது. மருந்துக் கடையில் களிம்பு கொடுத்து, இனி ஒட்டாதே என்றார்கள். களிம்பைப் போட்டுக்கொண்டு, ஓரமாக ஒட்டினேன்.

தோழி அப்போதுதான் ஆபரேஷன் பற்றிச் சொன்னாள். இரட்டை இமை ஆபரேஷன். மணிலாவில் அவள் செய்துகொண்டது அதைத்தான். இமையைச் சிறிது கீறி, உள்ளே தையல் போட்டு, நிரந்தரமாக ஒரு மடிப்பை உண்டாக்குவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு மணி நேரம், ஒரு வாரம் வீக்கம், அவ்வளவுதான் என்றாள். தன் இமையைக் கீழே இழுத்துக் காட்டினாள். முடிபோல ஒரு தழும்பு இருந்தது. துபாயில் ஒரு கிளினிக்கை அவளே தேடி, எனக்கு ஒரு சனிக்கிழமை காலை நேரம் வாங்கித் தந்தாள்.

கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்தச் சிகிச்சை உங்களுக்கு எதற்காக என்று ஒரு கேள்வி. தோற்றம், பார்வை, வேலை, குடும்பத்தார் விருப்பம் என்று கட்டங்கள். வேலை என்ற கட்டத்தில் குறியிட்டேன். நர்ஸ் மலையாளி. கண்ணாடிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு டேப்பை ஊறவைத்தார்.

“மோளே, இது எத்ர நாளாயி ஒட்டிக்குன்னு?”

“ரெண்டு வருசம்.”

“ஈஸ்வரா,” என்றார். “தோல் வலிஞ்சு போயல்லோ.” தோல் இழுபட்டுத் தொய்ந்துவிட்டதாம். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் துடைத்துவிட்டார்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். வட இந்தியர், மெதுவாக ஆங்கிலம் பேசினார். என் இடது புருவத்தின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கீழே பார் என்றார். பிறகு மேலே பார் என்றார். ஒரு சின்ன அளவுகோலை இமைக்குப் பக்கத்தில் பிடித்து, மூன்று முறை அதையே செய்தார். புருவத்தை அவர் அழுத்திப் பிடித்திருந்ததால் என்னால் தூக்க முடியவில்லை. இமை கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. என் இமைக்கு அவ்வளவுதான் முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மீதியை இத்தனை வருடமும் நெற்றிதான் தூக்கியிருக்கிறது.

அவர் சொன்னது இதுதான்: இமையைத் தூக்க உள்ளே ஒரு தசை இருக்கிறது. அது தோலையும் சேர்த்து இழுப்பதால்தான் மடிப்பு விழுகிறது. எனக்கு அந்தத் தசை பலவீனம். மடிப்பு இல்லை என்பது விளைவு மட்டுமே. தசை நன்றாக இருந்து, இமை சரியான உயரத்தில் நின்று, கோடு மட்டும் இல்லாதவர்களுக்குத்தான் இரட்டை இமை ஆபரேஷன். எனக்கு அதைச் செய்தால் தாழ்ந்த இமையில் ஒரு கோடு விழும், தாழ்வு அப்படியே இருக்கும்.

“உங்களுக்கு அது ஏற்றதில்லை,” என்றார். “வேறு ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்று தெரிய வேண்டும். இது எப்போதிலிருந்து?”

“எப்போதும் இப்படித்தான்.”

“யாராவது சொன்னார்களா? அம்மா?”

“இல்லை.”

உண்மைதான். எங்கள் வீட்டில் யாரும் என் கண்ணைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையால் என் வலது கண்ணை மூடி, மறுகை விரலால் என் முகவாயை மெல்லக் கீழே இறக்கினார். எதிர்ச் சுவரின் மேல்பகுதி காணாமல் போனது. அங்கே ஒரு கடிகாரம் இருந்தது, அதுவும் போனது. விரலை எடுத்ததும் முகவாய் தானாக மேலே போயிற்று, கடிகாரம் வந்தது.

“இமைக்கு அடியில் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்,” என்றார். “குழந்தையிலிருந்தே இப்படி இருப்பவர்கள் இதைச் செய்வார்கள்.”

நான் தலையாட்டினேன். நிமிர்ந்த தலை என்னுடைய குணம் என்று நினைத்திருந்தேன்.

இடையில் வந்த தாழ்வு என்றால் வேறு பரிசோதனைகள் வேண்டும், பிறவியிலேயே என்றால் வேறு வழி. அதனால் சிறு வயதுப் படங்கள் கொண்டுவரச் சொன்னார். தோல் ஆறும்வரை டேப் ஒட்டக் கூடாது என்றார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு காலை அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவுக்கு ஊரிலேயே அடுத்த தெரு. பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு பிள்ளைகள். என் பழைய போட்டோ வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், கண்ணுக்கு என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

அப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்த பெட்டி அம்மா வீட்டில் இருக்கிறது. அதில்தான் அந்தப் படங்கள் இருந்தன. அப்பா அங்கே இருந்த வருடங்களில் அம்மா எங்கள் இருவரையும் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் படம் எடுத்து, லீவு முடிந்து போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். எங்கள் பக்கத்தில் ஆள் வெளிநாட்டில் இருக்கும் எல்லா வீட்டிலும் இது உண்டு. அக்கா ஐந்து படங்களையும் தன் கைப்பேசியால் படமெடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்திலும் அக்கா எனக்கு இடப்பக்கம் நிற்கிறாள். ஒன்றில் என் தலை அவள் தோளில் சாய்ந்திருக்கிறது. ஒன்றில் அவள் பாவாடை மடிப்பு. ஒன்றில் அவள் கை என் கன்னத்தைத் தடவுவதுபோல மேலே போயிருக்கிறது. என் வலது கண் ஐந்திலும் கேமராவைப் பார்க்கிறது. இடது கண் ஒன்றில்கூட இல்லை.

அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“பாத்தியா? ஒண்ணுத்துலகூட விழல.”

“ஏன்க்கா எல்லாத்துலயும் மறைச்சிக்கிட்டு நிக்கிற?”

“நானா மறைச்சேன்? அம்மாதான் ‘பாப்பாவுக்கு அந்தாண்ட போயி நில்லுடி, கண்ணு தெரியாம’ன்னு தள்ளிவுடும். தோளுல சாச்சிப் புடிக்கணும். நீ வேற குண்டா இருப்ப, எனக்குக் கை வுட்டுப்போவும்.”

“யாருக்குத் தெரியாம?”

“அப்பாவுக்குத்தான். அங்க தனியாக் கெடக்கற மனுசன், புள்ளைக்கிக் கண்ணு இப்பிடின்னு தெரிஞ்சா வேல ஓடாதுல்ல? ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வந்தாரு. உன்னத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. அன்னிக்கிப் பூரா பேச்சே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? சோறு திங்கறப்ப சொன்னாரு. ‘இத எவன் வந்து கட்டுவான். இத நல்லாப் படிக்க வச்சிருவோம், அது காலுல அது நின்னுக்கட்டும். பெரியவளக் கட்டிக் குடுத்துக்கலாம்’னு. நான் பக்கத்துலதான குந்தித் தின்னுக்கிட்டு இருந்தேன்.”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அந்த வருசந்தான் நான் அஞ்சாவது. அம்மா கள வெட்டப் போயிடும், உன்னப் பாத்துக்க ஆளு வேணுமே. நின்னுட்டேன்.” சிரித்தாள். “எனக்கும் ஒரு கண்ணு ஒழுங்கா இல்லாமப் பொறந்திருக்கலாம்டி. நானும் இந்நேரம் ஏசியில குந்திக்கிட்டு இருப்பேன்.”

நான் ஐந்தாவது படத்தைத் திரும்பத் திறந்தேன்.

“என்னடி, சத்தத்தக் காணும்? நெட்டு போயிடுச்சா?”

“இல்ல, இருக்கேன்.”

“சரி, கொழம்பு அடிபுடிக்குது. வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள். அவள் அதை ஒரு ரகசியத்தை உடைப்பதுபோலச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். நான் எழுந்து அடுத்த வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டேன். ஆறு சட்டை. போட்டு மாட்டினேன். அறைத் தோழி சாப்பிடக் கூப்பிட்டாள், போய்ச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்ததில் யாரும் கிடைக்கவில்லை.

மதிப்பெண்கள் நான் வாங்கியவை. அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பரீட்சை அறைக்குள் என்னை அனுப்பியது என் மூளை இல்லை. அப்போது எனக்கு இரண்டு வயது. மூளையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பா பார்த்தது ஓர் இமையை மட்டும்தான்.

திங்கட்கிழமை டேப் இல்லாமல் டியூட்டிக்குப் போனேன். வாசலில் இருந்த மெஷின் என் முகத்தை ஏற்கவில்லை. மூன்று முறை முயன்றேன். பிறகு காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மேலதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

“ஐயோ பிள்ளை, கண்ணுக்கு என்ன நடந்தது? ஆரும் அடிச்சவையோ?”

“இல்ல மேடம். இதான் என் கண்ணு. பொறந்ததுலேருந்து.”

“அப்ப இவ்வளவு நாளும்?”

“டேப் ஒட்டியிருந்தேன்.”

“நான் நித்திரையோ நித்திரையோ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“தூக்கமான்னுதான் கேட்டீங்க மேடம். கண்ணப் பத்திக் கேக்கல.”

“நாடியை நிமித்திக்கொண்டு கதைக்கிறதில மட்டும் குறைச்சல் இல்லை,” என்று என் முகவாயைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதன்பிறகு கேட்கவில்லை. மனிதவளப் பிரிவில் என் முகத்தை மறுபடி பதிவு செய்தார்கள். புருவத்தைத் தூக்காமல் நின்றேன். மெஷின் பச்சை காட்டியது.

இரண்டாவது முறை டாக்டரிடம் போனபோது ஐந்து படங்களையும் காட்டினேன். கைப்பேசியை வாங்கித் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தார்.

“இதில் எதிலும் இடது கண்ணே இல்லையே.”

“மறைத்திருக்கிறார்கள்,” என்றேன். “மறைத்தார்கள் என்றால் அப்போதே இருந்திருக்கிறது.”

முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அக்கா சொன்னதையும் சொன்னேன், கண்ணைப் பற்றிய பகுதியை மட்டும். குறிப்பில் பிறவியிலிருந்து என்று எழுதிக்கொண்டார். கீழிமையில் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து, கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று சோதித்தார். ஐந்து நிமிடம். காகிதம் போதுமான அளவு நனைந்தது. நல்லது என்றார்.

பிறகு ஒளிக்காமல் பேசினார். தசையைச் சற்றுக் குறுக்கித் தைத்தால் இமை உயரும், மடிப்பும் விழும். இரண்டு கண்ணும் ஒன்றுபோல ஆகும் என்று அவரால் சொல்ல முடியாது. சில சமயம் மறுபடி ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒரு கண்ணைத் தூக்கினால் மறு கண் கொஞ்சம் இறங்குவதும் உண்டு. சில வாரங்கள் தூங்கும்போது இடது கண் முழுதாக மூடாது, சொட்டு மருந்தும் களிம்பும் விடாமல் போட வேண்டும். முதல் வாரம் யாராவது கூட இருக்க வேண்டும்.

“போட்டோவில் அழகாக விழுவதற்கு என்றால் செய்யாதீர்கள்,” என்றார். “நெற்றிக்கு ஓய்வு வேண்டும், மேலே இருப்பது தெரிய வேண்டும் என்றால் செய்யலாம். செய்யாமல் விட்டாலும் இந்த வயதில் ஆபத்து ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் அக்காவிடம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருப்பதைச் சொன்னேன்.

“பண்ணு. ஆனா ஒண்ணு, நல்லா ரோசன பண்ணிக்க,” என்றாள். “கண்ணு நல்லாயிடுச்சின்னா அடுத்த மாசமே சாதகத்தத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. இத்தன நாளு உன்னயும் என்னய மாதிரி பொட்டியக் கட்டி அனுப்பாம இருக்காங்கன்னா அந்தக் கண்ணாலதான். அது போயிடுச்சின்னா ஒனக்கு என்ன சாக்கு இருக்கு?”

இதை நான் நினைத்திருக்கவில்லை. என் வயதில் எங்கள் தெருவில் கல்யாணமாகாத பெண் நான் ஒருத்திதான். நான் படித்தவள், சம்பாதிக்கிறவள், அதனால் கேட்கத் தயங்குகிறார்கள் என்று பெருமையாக இருந்தேன். வீடியோ காலில் டேப்பைக் கழற்றிவிட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது.

நான்கு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செய்துகொண்டால் வீட்டில் ஒரு கதவு திறக்கும், கல்யாணம் என்று என்னை உள்ளே கூப்பிடுவதற்கு. செய்யாமல் விட்டால் இந்த இமைக்குப் பின்னால் நான் பத்திரமாக இருக்கலாம், சாயங்காலம் நெற்றி கனக்க, முகவாயைத் தூக்கிக்கொண்டு. அப்பாவின் பேச்சை அப்படியே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். இந்தக் கண்ணால்தான் எனக்கு எல்லாம் கிடைத்தது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் கிடைத்ததை இந்தக் கண்ணை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்ற நிலையில் நான் இல்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இதுவரை எதையும் அப்படிச் சொன்னதில்லை. மேலதிகாரியிடம் என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கே இரண்டு வருடத்துக்குமேல் ஆயிற்று.

ஐந்தாம் நாள் மதிய உணவு நேரத்தில் மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

“பண்ணிக்கப் போறேன்க்கா. ஒரு வாரம் யாராச்சும் கூட இருக்கணுமாம். நீ வர்றியா?”

“எங்க, துபாய்க்கா? ஏண்டி, எனக்குத் திருச்சி பஸ்ஸாண்டுலயே திக்குதெச தெரியாது.”

“நான் டிக்கெட் போடுறேன். ஏர்போட்டுல நான் வந்து நிப்பேன். பாஸ்போர்ட் எடுக்கணும், அவ்வளவுதான்.”

“கண்ணுல சொட்டு மருந்து ஊத்த ஏரோப்ளேனுல ஆளக் கூப்புடறவ நீ ஒருத்திதான்.” பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. “உங்க மாமா என்ன சொல்லுவாரோ.”

“நீ என்ன சொல்ற?”

“என்னய யாரு கேட்டா இதுவரைக்கும்?”

“இப்ப நான் கேக்கறேன்ல.”

“பத்து நாளு அவரே சோறாக்கித் திங்கட்டும்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாகிட்ட இப்ப சொல்லாத. நான் கெளம்பறப்ப சொல்லிக்கறேன்.”

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை இங்கிருந்தே நான் நிரப்பினேன். ஆதார் அட்டையில் இருப்பதுபோலவே பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அவளிடம் கேட்டுச் சரிபார்த்தேன். படிப்பு என்ற இடம் வந்தது. தேர்ந்தெடுக்க நான்கு வரிகள் இருந்தன.

“படிப்புகூடக் கேக்கறானா? என்ன போட்ட?”

“அஞ்சாவது.”

“பாஸுன்னு போட்டியா? நான் பாஸு பண்ணினவ.”

“பாஸுன்னுதான் இருக்கு.”

“ஆங்,” என்றாள்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் திருச்சியில் அவளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கிளினிக்குக்கும் எழுதிவிட்டேன்: இரட்டை இமை வேண்டாம், டாக்டர் சொன்ன மற்ற ஆபரேஷன்தான், அக்காவுக்கு விசா கையில் வந்த மறுவாரம் தேதி வைக்கவும் என்று.